அம்மா நம்பர்

மார்ச் 11, 2024

சிலிண்டர்காரர் வாசலில் நின்று கோடு நம்பர் கேட்டார். அது அம்மா போனுக்குத்தான் வரும். வேன் மோதி அம்மா போன அன்றிலிருந்து போன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது.

மார்ச் 17

பதினாறாம் நாள். கை கழுவும் இடத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தம்பியைத் தனியாக ஓரங்கட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் என்று நான் நினைத்தேன். சித்தப்பா, மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்திருக்கிறார். யாருக்கும் தெரிந்தவர் இல்லை. பையில் வக்காலத்து ஃபாரம் வைத்திருந்தார். "கையெழுத்து மட்டும் போடுங்க தம்பி, செலவு பூரா எங்களோடது. வர்றதுல ஒரு பங்கு குடுத்தாப் போதும்." எஃப்.ஐ.ஆர் நகல் எங்கள் கைக்கு வரும் முன்னே அவர் கையில் இருந்தது.

அப்பா அவரையும் பந்தியில் உட்காரச் சொன்னார்.

மார்ச் 19

"அவ பேரைச் சொல்லிக் காசு வாங்கித் திங்கவா?" என்றார் அப்பா. அதோடு சரி. தம்பி என்னைப் பார்த்தான், நான் அப்பத்தாவைப் பார்த்தேன், அப்பத்தா தூங்குவதுபோல் கிடந்தாள்.

மார்ச் 28

ஏட்டு கொடுத்த கவரில் ஒரு கம்மல், போன், ரேஷன் கார்டு. போனின் கண்ணாடி சிலந்தி வலைபோல விரிந்திருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது. சார்ஜ் போட்டதும் பதினாறு மெசேஜ் வந்து விழுந்தன. வேலிடிட்டி முடியப் போகிறது, ரீசார்ஜ் செய்யவும். செய்தேன். 84 நாள்.

ஏப்ரல் 8

வக்கீல் அம்மாவைப் பார்த்தோம். அப்பா வரவில்லை. மேஜையில் பேப்பர் வெயிட்டுக்குப் பதிலாக ஒரு பழைய பூட்டு.

இரண்டு வழி இருக்கிறது என்றார். மோட்டார் வாகனச் சட்டம் 164-ன் கீழ் போனால் யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம், உயிரிழப்புக்கு 5 லட்சம், அத்தோடு முடிந்தது. 166-ன் கீழ் போனால் வேன் டிரைவரின் அஜாக்கிரதையை நாம் காட்ட வேண்டும், ஆனால் கணக்கு விரிவாகப் போடலாம். எதுவானாலும் ஆறு மாசத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் அப்படி. செப்டம்பர் 2 என்று கையில் எழுதிக்கொண்டேன். பேனா மை இன்னும் போகவில்லை.

"நான் கட்டிக் குடுத்த பொண்ணு மேடம், என் பேர் வருமா?" என்றேன். தம்பியின் கூட்டாளி எவனோ வராது என்று சொல்லியிருந்தான். "மஞ்சுரி பேரா கேஸ், 2007, சுப்ரீம் கோர்ட். கல்யாணமான மகளும் சட்டப் பிரதிநிதிதான். வராதுன்னு சொன்னவனை என்கிட்ட கூட்டிட்டு வா" என்றார். அவர் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன பொருத்தமோ.

டிரைவர் மேலான 304ஏ கேஸ், அதாவது அஜாக்கிரதையால் உயிர் போகக் காரணமானதற்கான கிரிமினல் கேஸ், தனியாக நடக்கும். அதில் அவன் விடுதலையானாலும் இந்த கேஸ் அதனாலேயே விழுந்துவிடாது. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பார்கள்.

பிறகு கேட்டார்: "அம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"சும்மா வீட்லதான்" என்றான் தம்பி.

ஏப்ரல் 9, விடிகாலை 3

தூக்கம் இல்லை. அவர் சீட்டில் போட்டுக் காட்டிய கணக்கை மறுபடி போடுகிறேன்.

மாதம் 10,000 என்று வைத்துக்கொள்வோம் என்றார். வயசு ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் என்பதால் எதிர்காலத்துக்காக 10 சதவீதம் கூட்டல். 11,000. வருஷத்துக்கு 1,32,000. அம்மாவை நம்பி இருந்தவர்கள் அப்பா, தம்பி, அப்பத்தா என மூன்று பேர், அதனால் அம்மாவின் சொந்தச் செலவாக மூன்றில் ஒரு பங்கு கழித்தல். மிச்சம் 88,000. அதை வயசுக்கு ஏற்ற எண்ணால் பெருக்க வேண்டும். இந்த அட்டவணை 2009-ல் சரளா வர்மா வழக்கில் வந்தது. 51 முதல் 55 வரை 11. 56 ஆகிவிட்டால் 9.

அம்மாவுக்கு 11 என்றால் 9,68,000. 9 என்றால் 7,92,000.

ஆதாரில் 01/01/1968. யாரோ கேம்ப்பில் உட்கார்ந்து போட்ட தேதி. அதன்படி 56. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் 'சுமார் 55 வயது மதிக்கத்தக்க'. உயிரோடு இருந்தவரை அம்மாவின் பிறந்த நாளை நாங்கள் ஒருத்தரும் கேட்டதில்லை.

ஆனால் என்னைத் தூங்க விடாதது அதுவல்ல. அந்த மூன்றில் ஒரு பங்குதான். அம்மா தனக்காக மூன்றில் ஒரு பங்கு செலவு செய்தாளாம்! மாசாமாசம் பதினோராயிரத்தில் மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம். எதில்? பழைய நைட்டியைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினவள். பல்வலிக்குக் கிராம்பு வைத்துக்கொண்டு நாலு மாசம் ஓட்டினவள்.

ஏப்ரல் 9, சாயங்காலம்

அது எல்லாருக்கும் பொதுவான கழிவு, உங்க அம்மாவைப் பார்த்து வெச்சதில்ல என்றார் வக்கீல் அம்மா. இதைக் கேட்க போன் போட்டிருக்கக் கூடாது.

மே 22

வாரிசு சான்றிதழ் வந்துவிட்டது. அப்பா பெயருக்கு எதிரே 'கணவர்'.

ஜூன் 14

வீட்டுப் பெண்களின் உழைப்புக்குக் கோர்ட் எப்படி விலை போட்டது என்று மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இவர், "லா காலேஜ்ல சேத்து விடவா?" என்கிறார்.

முன்பு சட்டத்தோடு ஓர் அட்டவணை இருந்தது. சம்பாதிக்காத மனைவி செத்தால் புருஷனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அவளுடையதாக வைத்துக்கொள்ளலாம் என்றது. திரும்பவும் மூன்றில் ஒன்று! 1989-ல் ஜாம்ஷெட்பூர் விழாப் பந்தலில் நடந்த தீ விபத்து வழக்கில், 2001-ல் சுப்ரீம் கோர்ட் 34 முதல் 59 வயது வரையான இல்லத்தரசிகளின் உழைப்பை மாதம் 3,000 என்று மதித்தது. 2009-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இதைப் பற்றியே ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார். 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கு. அதில் ஓர் அரசு சர்வேயைக் காட்டுகிறார்கள்: பெண்கள் கூலியில்லா வீட்டு வேலைக்கு ஒரு நாளில் 299 நிமிஷம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 97.

299 என்றால் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம் குறைவு. அம்மா அதைக் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுவாள்.

ஜூன் 19

ரீசார்ஜ். அம்மா வாட்ஸ்அப்பில் 'கடைசியாகப் பார்த்தது' மார்ச் 2, 10:41. ரேஷன் கடை வரிசையில் நின்றபடி பார்த்திருப்பாள்.

ஜூலை 30

அம்மா என்னென்ன வேலை செய்தாள் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார் வக்கீல் அம்மா. அப்பா பேனாவை வாங்கி, 'சமையல். வீட்டு வேலை. தாயாரைக் கவனித்தல்' என்று எழுதிவிட்டு வைத்துவிட்டார். முப்பத்தோரு வருஷம், இரண்டு வரிகூட முழுசாக வரவில்லை. கோபத்தில் அந்தத் தாளை அவர் முன்னாலேயே மடித்துப் போட்டேன்.

அப்பத்தா கட்டிலிலிருந்து சொன்னாள், எழுதிக்கோடி என்று. நாலரைக்கு எந்திரிப்பா. மோட்டார் போடுவா. எனக்கு சுகர் ஊசி, காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. பின்கட்டுல வழுக்கும்னு தெனமும் தேய்ச்சு விடுவா. சீட்டுப் பணம் கட்டுவா. உங்கப்பனுக்கு மாத்திரைய எண்ணி வெப்பா. அரிசி புடைப்பா. பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுப்பா. இப்படியே முக்கால் மணி நேரம். இரண்டாம் பக்கம் வந்ததும், "உன் கலியாணத்துக்கு எடுத்த கடனை வட்டி போட்டு அடைச்சா" என்றாள். எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. எதிலிருந்து அடைத்தாள்?

இப்போது சமைக்க வரும் அக்காவுக்கு 5,000, பாத்திரத்துக்கு 2,000, ஊசி போட்டுவிட்டுப் போகும் நர்ஸுக்கு 3,000. பத்தாயிரம் ஆகிவிட்டது. இன்னும் மோட்டார் போட ஆள் இல்லை.

ஆகஸ்ட் 21

மனு தாக்கல். எம்.சி.ஓ.பி. நம்பர், அதாவது விபத்து இழப்பீட்டு மனுவுக்கான நம்பர், விழ ஒரு வாரம் ஆகுமாம். அப்பா கையெழுத்துப் போட்டார். ஏன் மனம் மாறினார் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 25

தம்பி பஸ்ஸிலிருந்து போன் பண்ணிக் கத்தினான். நேற்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பாம். ஆதார் அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்கு ஆதாரம் இல்லை; பள்ளிச் சான்றிதழில் இருக்கிற தேதியை எடு என்று ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கிலேயே சொல்லியிருக்கிறது.

அம்மா எட்டாவது வரை படித்தவள். டி.சி. எங்கே?

நவம்பர் 3

டிரங்குப் பெட்டி, பரண், அம்மாச்சி வீட்டு அலமாரி. இல்லை.

நவம்பர் 12

அம்மா படித்த பள்ளிக்கூடம் இருக்கிறது. ஹெச்.எம். பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டினார். மை மங்கிப்போய், பக்கத்தின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. இன்னும் இரண்டு விரற்கடை தின்றிருந்தால் போயிருக்கும். 12.06.1969.

ஐம்பத்து நாலு. பதினொன்று!

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்கு இரண்டு வயசு குறைந்ததற்கா, 1,76,000-க்கா என்று சொல்ல முடியவில்லை. ஜூன் 12-ஐ போனில் குறித்துக்கொண்டேன்.

டிசம்பர் 9

இன்சூரன்ஸ் தரப்பு எதிருரை வந்திருக்கிறது. 'மேற்படி இறந்துபோன நபர் இருபுறமும் கவனியாமல் திடீரெனச் சாலையின் குறுக்கே வந்ததாலேயே'.

அம்மாவா? காலி ரோட்டைக் கடக்கவே என் கையைப் பிடிப்பாள்.

ஜனவரி 22, 2025

வாய்தா. ஜட்ஜ் லீவு.

பிப்ரவரி 20

பூக்கார அக்கா கண்ணால் பார்த்தவர். போலீஸில் வாக்குமூலம் கொடுத்தவர். கோர்ட் என்றதும், "என்னை விட்ருங்கம்மா, ஒருநாள் கடை போடலேன்னா பூ வாடிரும்" என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் வராவிட்டால் அம்மா குறுக்கே வந்தவளாகவே காகிதத்தில் இருந்துவிடுவாள். ரெண்டு முழம் வாங்கினேன். காசு வாங்க மாட்டேன் என்றார், அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 2

வருஷம் திரும்பிவிட்டது. அப்பா தானே போய் மோட்டார் போட்டார்.

ஏப்ரல் 16

துணையை இழந்ததற்கு அப்பாவுக்கு 48,400. அம்மாவை இழந்ததற்கு எனக்கும் தம்பிக்கும் தலா 48,400 கேட்டிருக்கிறார்கள். 2017-ல் பிரணய் சேத்தி தீர்ப்பு 40,000 என்று வைத்து, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை 10 சதவீதம் ஏற்றச் சொன்னது. இரண்டு தடவை ஏறி 48,400. விலைவாசியை மறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

ஜூன் 12

போன் அலாரம் அடித்தது. அம்மாவுக்கு 56.

ஜூன் 18

அப்பா கூண்டேறினார். ம.சா. 1, அதாவது மனுதாரர் தரப்பின் முதல் சாட்சி. சட்டையை நான்தான் அயர்ன் பண்ணிக் கொடுத்தேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். "உங்க மனைவி வேலைக்கு எங்கயும் போகலை?" போகலைங்க. "வருமானம்னு எதுவும் இல்லை?" அப்பா பதில் சொல்லாமல் நின்றார். ரொம்ப நேரம். பிறகு, "நாலரைக்கு எந்திரிப்பாங்க ஐயா" என்றார். வக்கீல் கேள்வியை இன்னொரு தரம் கேட்டார். "ராத்திரி ஊசி போட்டுட்டுத்தான் படுப்பாங்க. கடன் ஒண்ணு அடைச்சாங்க, எனக்கே தெரியாது." கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க பெரியவரே என்றார் ஜட்ஜ். அதையும் கடுமையாகச் சொல்லவில்லை.

டைப் ஆனது இது: 'என் மனைவி வேலைக்குச் செல்லவில்லை என்றால் சரிதான். அவருக்கு வருமானம் ஏதும் இல்லை என்றால் சரியல்ல.'

அந்தச் 'சரியல்ல'வை அப்பாவே சொன்னாரா, நம் வக்கீல் அம்மா எழுந்து சொல்லி வந்ததா? பின் வரிசையில் எனக்குக் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்டால், பஸ் எத்தனை மணிக்கு என்கிறார்.

ஜூலை 3

பூக்கார அக்காவுக்கு சம்மன் போயிருக்கிறது. கடை ரெண்டு நாளாகப் பூட்டியிருக்கிறது என்கிறான் தம்பி.

ஜூலை 14

அம்மா நம்பர் நாளையோடு முடிகிறது. சிலிண்டரை அப்பா நம்பருக்கு மாற்றியாகிவிட்டது, பேங்க்கும். இனி அதற்கு ஒரு கோடும் வராது. ரீசார்ஜ் ஆப்பைத் திறந்து வைத்திருக்கிறேன். தம்பி கூப்பிடுகிறான், பிறகு