4 மணி நேரத்துக்குள் ஒரு சாகசம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் ஆட்டத்துக்கு ஒரு சாகசம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டு மாநாட்டு அட்டவணையில் அதற்கு 4 மணி நேரம் என்று போட்டிருந்தால், கையில் கிடைப்பது மூன்றேகால்தான். மேசையைத் தேடி வருவது, அறிமுகம், கதாபாத்திரத் தேர்வு, இடைவேளை எல்லாம் சேர்ந்து முக்கால் மணி நேரத்தை விழுங்கிவிடும். அதனால் கடைசிக் காட்சியை முதலில் எழுதி, அதற்கு 50 நிமிடம் ஒதுக்கிவிட்டுப் பின்னோக்கிக் கணக்குப் போடுவது நல்லது.

கணக்கு உதைப்பது பெரும்பாலும் சண்டையில். ஆடும் 6 பேருக்கு ஆளுக்கு ஒன்றரை நிமிடம், எதிரிகளை நகர்த்த, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு 3 நிமிடம். ஒரு சுற்றுக்கு 12. நான்கு சுற்றில் 48 நிமிடம் போய்விடும். ஆகவே முழுச் சண்டை ஒன்று போதும். எதிரிகளின் உயிர்ப்புள்ளியை, அதாவது எவ்வளவு அடி தாங்குவார்கள் என்ற எண்ணை, குறைத்து அடியின் வலுவைக் கூட்டினால், ஆபத்து குறையாமலே சீக்கிரம் முடியும். பாதிப் பேர் விழுந்ததும் மிச்சப் பேர் ஓடிவிடுவார்கள் என்று எழுதி வைத்தால், முடிவு தெரிந்த பிறகும் பகடை உருட்டும் சலிப்பு இருக்காது.

அடுத்த வில்லங்கம் துப்பு. உதாரணத்துக்கு, கதையில் ஒரு கலங்கரை விளக்கத்தின் சாவி மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேடுவதற்கு உருட்டும் பகடை சாதகமாக விழாமல் தோற்றால் கிடைக்காது என்று எழுதினால், கதை அங்கேயே நின்றுவிடும். சாவி எப்படியும் கிடைக்கட்டும். பகடை தோற்றால், அதை எடுக்கும்போது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கட்டும்.

கதாபாத்திரங்களைத் தயாராகவே கொடுக்க வேண்டும்: 6 தாள், ஒரு பக்கம் மட்டும், முன்கதை 3 வரி, இன்னொரு கதாபாத்திரத்தோடு ஓர் உறவு. 4 பேர்தான் வருவார்கள் என்பதும் நடக்கும். பூட்டுத் திறக்கத் தெரிந்தவர் ஆறாவது தாளில் மட்டும் இருந்தால் மாட்டிக்கொள்வோம். அவசியமான திறமை இரண்டு தாள்களிலாவது இருக்கட்டும். குழுவுக்குள் ஒரு துரோகியை ஒளித்துவைக்கும் ஆசை பலருக்கு உண்டு. முன்பின் தெரியாதவர்கள் உட்காரும் மேசையில் அது அநேகமாக மனக்கசப்பில்தான் முடிகிறது.

நேரம் போதாவிட்டால் வெட்டுவதற்கென்றே நடுவில் ஒரு காட்சி இருக்க வேண்டும். அதில் சுவை இருக்கலாம், துப்பு இருக்கக் கூடாது.

எழுதியவரே நடத்திப் பார்ப்பது பாதிச் சோதனைதான். தாளில் இல்லாததை அவர் வாய் நிரப்பிவிடும். வேறொருவரிடம் கொடுத்து நடத்தச் சொல்லி, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சியும் தொடங்கும் நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கி இரண்டரை மணி நேரம் ஆகியும் கடைசிக் காட்சி வரவில்லையென்றால், வெட்ட வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.