82 கிராம்

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் ஓய்ந்து ஐந்தாம் நாள். அயனாவரத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனால் சுவரெல்லாம் இன்னும் ஓதம் காத்துக் கிடந்தது. மாடிப்படிக்குக் கீழே பழைய சாமான் போட்டுவைக்கும் மூலையில், எங்கள் வீட்டில் சோறு தின்னும் சாம்பல் பூனை ராத்திரியோடு ராத்திரியாக நாலு குட்டி போட்டிருந்தது.

பால் பாக்கெட் எடுக்கப் போனபோது மூன்று குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தன. நாலாவது, கறுப்புக் குட்டி, ஒரு முழம் தள்ளி ஈரச் சாக்கின் மேல் தனியாகக் கிடந்தது. தொட்டால் சில்லென்று இருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். கையில் எடுத்ததும் வாய் மட்டும் திறந்தது. சத்தம் வரவில்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் நான் செய்தது அத்தனையும் தப்பு. பதறிப்போனவர்கள் யாரும் முதலில் இதைத்தான் செய்வார்கள் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். பசும்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, மகளின் இங்க் ஃபில்லரில் எடுத்து, கைக்குழந்தைக்குப் புகட்டுகிற மாதிரி மல்லாக்க வைத்து வாயில் ஊற்றினேன். பாதி மூக்கு வழியாக வந்தது. அந்த வெள்ளைக் குமிழை முந்தானையால் துடைத்தது இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது.

அம்மாதான் "இது நம்மால ஆகாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போடி" என்றாள். ஒரு துண்டில் சுற்றி ஆட்டோ பிடித்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். பால் குடித்ததா என்று அவர் கேட்கவே இல்லை. முதலில் தெர்மாமீட்டரை வைத்தார். டிஜிட்டல் தெர்மாமீட்டர், நம்பர் காட்டவில்லை, 'லோ' என்று மட்டும் காட்டியது. அதால் அளக்க முடியாத அளவுக்கு உடம்பு குளிர்ந்திருந்தது.

"பாலை மறந்துடுங்கம்மா. முதல்ல சூடுதான்" என்றார். பிறந்த வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாதாம். நடுங்கினால்தானே உடம்பு தானாகச் சூடேறும்? தாயும் கூடப்பிறந்ததுகளும் கொடுக்கிற சூடுதான் அதற்கு எல்லாம். அந்த வயதில் உடம்புச் சூடு 95லிருந்து 98 ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் குடல் அசைவது நின்றுபோகும். அப்போது ஊட்டுகிற பால் செரிக்காமல் வயிற்றிலேயே கிடந்து கெட்டுப்போகும். சூடும் மெதுவாகத்தான் ஏற வேண்டும், ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்து. அவசரப்பட்டு ஹேர் ட்ரையர் பிடிப்பதோ, கொதிக்கிற தண்ணீர் பாட்டிலை ஒட்டி வைப்பதோ ஆபத்து. அதுவரைக்கும் ஈறில் ஒரு சொட்டு குளூக்கோஸ் தண்ணீர் தடவலாம், அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். நெஞ்சில் லேசாகச் சத்தம் வருகிறது, பால் புரையேறியிருக்கலாம் என்றார். குட்டிக்கு எப்போதும் குப்புறப் படுத்த வாக்கில்தான் ஊட்ட வேண்டும், தாயிடம் குடிக்கும்போது அது எப்படி இருக்குமோ அப்படி. மருந்து எழுதிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "இனிமே பாத்துக்கலாம்மா" என்றார்.

அன்று மாலை உடம்பு சூடேறியதும் குட்டியைத் தாயிடம் கொண்டுபோய் விட்டேன். மனுஷ வாடை பட்டால் பூனை சேர்க்காது என்று பக்கத்து வீட்டம்மா தடுத்தார். டாக்டரோ, வாடைக்காக எந்தத் தாயும் ஒதுக்காது, குளிர்ந்துபோய் சவலையாக இருப்பதைத்தான் தள்ளி வைக்கும் என்று சொல்லியிருந்தார். தாய் நக்கிக்கூடக் கொடுத்தது. ஆனால் மற்ற மூன்றையும் முட்டித் தள்ளிக் காம்பைப் பிடிக்க இதற்குத் தெம்பில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் சாக்கு காலி. பூனை குட்டி போட்டால் ஏழு இடம் மாற்றும் என்பார்களே, பின்வீட்டு மொட்டை மாடிக் கொட்டகைக்கு மூன்றையும் கவ்விக்கொண்டு போய்விட்டது. கறுப்பை மட்டும் விட்டுவிட்டது.

பூனைக்குட்டிக்கென்றே விற்கிற பால் பவுடர் டப்பா புரசைவாக்கத்தில் கிடைத்தது. பசும்பாலில் அதற்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் பற்றாது, வயிற்றுப்போக்கு வேறு வரும். ஒரு வேளைக்கு 3 மில்லி, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. இரண்டு மணிக்கொரு தரம், ராத்திரியும். ஊட்டுவதற்கு முன்னால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றிலிருந்து வால் பக்கமாகத் தடவிவிட வேண்டும். தாய் நக்கிவிடுகிற வேலை அது. செய்யாவிட்டால் குட்டிக்கு மூத்திரம்கூடத் தானாக வராது. ஷூ பெட்டியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பையை ஒரு பக்கம் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் நகர்ந்துகொள்ள அதற்கு இடம் வேண்டும். செல்போனில் பன்னிரண்டு அலாரம். நாலு மணி முறையை அம்மா எடுத்துக்கொண்டாள், எப்படியும் அந்நேரம் எழுந்துவிடுகிறவள்.

ஊறுகாய்க்கு உப்பு நிறுக்க வாங்கிய தராசில் முதல் நாள் எடை 82 கிராம். கேஸ் சிலிண்டர் பதிகிற நோட்டிலேயே எழுதி வைத்தேன். அடுத்த நாள் 83. அப்புறம் 86. நாலாம் நாள் 91. தினம் 10 கிராமாவது ஏற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், ஆனாலும் அந்த 91ஐப் பார்த்து நானும் அம்மாவும் சிரித்த சிரிப்பில் மகள் எழுந்து வந்துவிட்டாள். காய்ந்த மிளகாய்க் காம்பு மாதிரி வயிற்றில் ஒட்டியிருந்த தொப்புள்கொடி அன்றைக்குத்தான் விழுந்தது. காது இரண்டும் தலையோடு மடங்கி ஒட்டியிருக்கும், கண் திறக்கவில்லை. சிரிஞ்சின் நுனி உதட்டில் பட்டதும் முன்னங்கால் இரண்டாலும் என் விரலை மாற்றி மாற்றிப் பிசையும். அந்தப் பிசைதலில் அப்படி ஒரு பலம்.

ஐந்தாம் நாள் காலை 89. மாலையில் 84. ஊட்டிய பால் கடைவாயில் தேங்கி வெளியே வழிந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட்டார்கள், தோலுக்கடியில் கொஞ்சம் நீர் ஏற்றினார்கள். "முழுங்கலன்னா கட்டாயப்படுத்தி ஊட்டாதீங்க. சூடா வச்சிருங்க, பக்கத்துல இருங்க" என்றார் டாக்டர். புரிந்தது. வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அந்தத் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தேன்.

அன்று ராத்திரி அலாரத்தை எதிர்பார்த்துப் படுக்கவே இல்லை. வெந்நீர்ப் பையைத் திரும்பத் திரும்ப மாற்றியும் உடம்பில் சூடு தங்கவில்லை. மூன்று மணிக்குமேல் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் எண்ண ஆரம்பித்தேன். நாலே முக்கால் மணி சுமாருக்கு, எண்ணிக்கொண்டே இருந்தேன், அடுத்தது வரவில்லை.

முதல் நாளும் இப்படித்தானே செத்ததுபோலக் கிடந்தது என்று இன்னும் ஒரு மணி நேரம் சூட்டிலேயே வைத்திருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கொல்லையில் நந்தியாவட்டைக்குக் கீழே, நாய் தோண்டாத ஆழத்துக்குக் குழி வெட்டினோம். மண்ணைத் தள்ளுவதற்கு முன் அம்மா, "கொஞ்சம் பால் கொண்டா" என்றாள். நான் பால் பாக்கெட்டை எடுக்கவில்லை. அந்த டப்பாவிலிருந்து 3 மில்லி கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்டாள்: "நான் மடியில வச்சுக்கிட்டேனே, அதனாலயாம்மா?" இல்லடா கண்ணு, உன் மடிதான் அதுக்குச் சூடு கொடுத்தது என்றேன். சொன்னது உண்மை. ஆனால் அதே கேள்வியை என்னைப் பார்த்து நானே கேட்டுக்கொண்டபோது அப்படி ஒரு பதில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, அதற்காகவே வேப்பேரிக்குப் போனேன். "நான் ஊத்துன பாலாலதானா டாக்டர்?" அவர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். உடம்பைத் திறந்து பார்த்திருந்தாத்தான் தெரியும். ஆனா நீங்க எடுக்கும்போதே அது குளிர்ந்து போயிருந்தது. அங்கயே விட்டிருந்தா அன்னிக்கு மத்தியானம் தாண்டியிருக்காது." கடைசி மூச்சுகளின்போது பெரும்பாலும் நினைவு இருக்காது என்றும் சொன்னார். 'உங்க தப்பே இல்ல' என்று பத்துப் பேர் சொன்னதைவிட அந்த 'இருக்கலாம்'தான் எனக்குத் தூக்கம் கொடுத்தது.

ஒரு பூனைக்குட்டிக்கா இப்படி என்று கேட்டவர்களும் உண்டு. ஆறு நாள் இரண்டு மணிக்கொரு தரம் ஒரு உயிரை உள்ளங்கையில் வைத்திருந்தால் கைக்கு அந்த நேரம் பழகிப்போகும். ஒரு வாரம் அலாரங்களை அழிக்க மனம் வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அடிக்கும், எழுந்து உட்காருவேன், அழுகை வந்தால் அழுதுவிட்டுப் படுப்பேன். பிறகு ஒவ்வொன்றாக அழித்தேன், நாலு மணியைக் கடைசியில். மிச்சமிருந்த பவுடரை, தாயில்லாத இரண்டு குட்டிகளை வளர்த்துக்கொண்டிருந்த தோழியிடம் கொடுத்தேன். குப்புறப் படுக்கவைத்து ஊட்டு, சூடு பார்க்காமல் ஊட்டாதே என்று வாசலிலேயே இரண்டு தடவை சொன்னேன். கொட்டகையில் இருந்த மூன்றும் பிழைத்தன. அவை பால்குடி மறந்ததும் தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்து கொண்டுவந்து விட்டோம்.

மார்ச்சில் சிலிண்டர் பதிவதற்காக நோட்டைப் புரட்டினேன். 82, 83, 86, 91, 89, 84. என் பேனா எழுத்துக்கு மேலே, பக்கத்தின் தலைப்பில், பென்சிலால் 'மிளகு' என்று எழுதியிருந்தது. மகளின் கையெழுத்து. அதற்குப் பெயர் வைத்ததாக அவள் எங்களிடம் சொல்லவே இல்லை. சிலிண்டர் தேதியை அடுத்த பக்கத்தில் எழுதினேன்.