ஆதித்யனுக்கு நாலு விடை

எம்.ஏ. சமஸ்கிருதத் தேர்வில் "ஆதித்ய என்ற சொல்லுக்கு நிருக்தம் எழுதுக" என்று வந்தது; சூரியனின் பெயரான இந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று கேட்கிறார்கள். 'அதிதியின் (தேவர்களின் தாய்) மகன்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன். ஐந்துக்கு ஒன்றுதான் விழுந்தது.

எழுதியது தப்பில்லை. ஆனால் வேதச் சொற்களுக்குப் பிறப்பு விளக்கம் எழுதிய யாஸ்கர் சொல்லும் நான்கு விளக்கங்களில் அது கடைசி. நிருக்தம் என்ற அவருடைய நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் "ஆதித்ய: கஸ்மாத்?" (ஏன் ஆதித்யன்?) என்று அவரே கேட்டு, வரிசையாகப் பதில் சொல்கிறார். ஆதத்தே ரஸான்: நீரை உறிஞ்சிக்கொள்கிறான். ஆதத்தே பாஸம் ஜ்யோதிஷாம்: மற்றச் சுடர்களின் ஒளியைப் பறித்துக்கொள்கிறான். ஆதீப்தோ பாஸா: ஒளியால் ஜொலிக்கிறான். அப்புறம்தான் அதிதே: புத்ர:. முதல் இரண்டுக்கும் 'ஆ' சேர்ந்த 'தா' தாது (வினைவேர்), மூன்றாவதற்கு 'தீப்'. கோடையில் குளம் வற்றுவதையும், விடிந்ததும் நட்சத்திரம் மறைவதையும் நினைத்துக்கொண்டேன். முதல் இரண்டும் பிறகு மறக்கவே இல்லை.

கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைத் தள்ளிவிட முடியாது. பாடத்திட்டத்தில் நிருக்தச் சொற்களின் பட்டியலிலேயே ஆதித்ய இருக்கிறது.

இதே சொல் வியாகரண (இலக்கண)த் தாளில் வந்தால் கதை வேறு. இலக்கண ஆசிரியர் பாணினியின் சூத்திரம் 4.1.85இன்படி அதிதியோடு 'ண்ய' ப்ரத்யயம் (விகுதி) சேரும். முதல் அகரம் விருத்தியாகி ஆகாரமாகும், கடைசி இகரம் கெடும். அங்கே போய் குளம் வற்றுவதை எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. 'சூர்ய'வுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பாணினி 3.1.114இல் அதை நிபாதனமாக, ஆயத்தச் சொல்லாகவே எடுத்துக் கொடுத்துவிடுகிறார். மொழியியல் தாளிலோ சூரியனைக் குறிக்கும் வேத 'ஸ்வர்', கிரேக்க 'ஹேலியோஸ்', லத்தீன் 'சோல்' எல்லாம் ஒரே குடும்பம் என்று காட்ட வேண்டும். யார் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

சூரியனின் மற்றப் பெயர்கள் சுலபம். பாஸ்கர, திவாகர இரண்டுக்கும் ஒரே சூத்திரம்தான், 3.2.21. 'அர்க்க' நமக்கு அருக்கனாகப் பழக்கமானவன்தான்; தாது 'அர்ச்'.

இன்னொன்று. குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். 'பாஸ்' (ஒளி) என்பதில் வருவது சமஸ்கிருதத்தின் நான்கு பகரங்களில் நான்காவது. தமிழில் எல்லாப் பகரமும் ஒன்றுதானே, நான் முதல் பகரத்தைப் போட்டு வைத்தேன். தேவநாகரியில் பத்து முறை எழுதிப் பார்த்த பிறகுதான் கை திருந்தியது.