ராணியின் கால்கள்

ஏப்ரல் சுற்றுலா சீசன் முடிந்து மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நுவரெலியாவில் துணி காயாது, விறகு காயாது, எங்கள் ராணியின் காலும் காயாது. கிரகரி வாவிப் பக்கம் மாமா சவாரி விடும் மட்டக்குதிரை அவள். மூன்று கால் வெள்ளை, தோல் ரோஸ் நிறம். குளம்புக்குச் சற்று மேலே, பின்பக்கப் பள்ளத்தில்தான் முதலில் தடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் காலைப் பார்ப்பது என் வேலை.

பொருக்கு மயிருக்குள் ஒளிந்திருக்கும். கண்ணை நம்பாமல் விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். இளகிய பொருக்கு ஒன்று கழன்று வந்தால் பெயின்ட் பிரஷ் மாதிரி மயிரும் கொத்தாக அதோடு வரும். அடியில் மஞ்சள் சீழ், சிவந்த தோல். மிருக வைத்தியர் அந்தப் பொருக்கைக் கரைத்துச் சாயமிட்டு நுண்காட்டியில் பார்த்தார். உருண்டைக் கிருமிகள் ஜோடி ஜோடியாக வரிசை கட்டி நின்றன. டெர்மடோபிலஸ் என்றார். தோல் ஊறி வெடிக்கும்வரை அது சும்மா கிடக்குமாம். மனிதருக்கும் எப்போதாவது தொற்றலாம் என்று சொன்னதால் கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

மாமாவுக்கு எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். "எண்ணெய் தேச்சா பொருக்கு இளகும் புள்ள" என்பார். இளகும், பொய் இல்லை. ஆனால் ஈரக் காலில் எண்ணெயைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் போகும். அப்புறம் சவாரி முடிந்து வந்ததும் சேறு போகக் குழாயைத் திறந்து பீய்ச்சும் பழக்கம் வேறு. சேற்றைக் காயவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிடலாமே, எதற்கு ஒரு நாளைக்கு நாலு தடவை நனைக்க வேண்டும்?

நான் செய்வது இவ்வளவுதான். கால் மயிரைக் கட்டையாக வெட்டிவிட்டேன். வைத்தியர் சொன்ன அளவில் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியைக் கலந்து தடவி, பத்து நிமிஷம் அப்படியே விட்டுக் கழுவுவேன். தானாகக் கழன்று வருவதை எடுப்பேன், ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்க்க மாட்டேன். வலித்தால் ராணி உதைப்பாள், அதில் அவள் மேல் தப்பே கிடையாது. அப்புறம் துவாய். ஒற்றி ஒற்றி, பள்ளத்துக்குள் விரல் விட்டு, முழுசாகக் காயும்வரை. கழுவும் நேரத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம். அந்தத் துவாயை மற்றக் குதிரைக்குப் போடுவதில்லை. களிம்பு எல்லாம் காய்ந்த பிறகுதான்.

இப்படிச் செய்தும் ஆறாவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். இரவில் காலை உதைத்து உதைத்துத் தரையைத் தட்டினால், ஒன்றோடொன்று தேய்த்தால், தோலில் ஒட்டி வாழும் நுண்ணிய பூச்சியாக இருக்கலாம். கால் மயிர் அடர்ந்த குதிரைகளுக்கு அது சகஜம். வெள்ளைத் தோலில் மட்டும், மூக்கு நுனி உட்பட, வெயில் பட்டு வெந்தது போல் இருந்தால் ஈரலையும் பார்க்கச் சொல்வார்கள். திடீரென்று கால் முழுக்க வீங்கிச் சூடேறி நொண்டினால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. அன்றைக்கே வைத்தியரைக் கூப்பிட வேண்டும்.

இப்போது முன்னங்கால் சுத்தம். இடது பின்னங்காலில் மட்டும் ஒரு சின்னத் திட்டு அடம்பிடிக்கிறது. எனக்குச் சந்தேகம் லாயத்து வாசல் மேல்தான். கூரைத் தண்ணீர் நேராக அங்கே விழுகிறது, ராணி நின்று சேறாக்கும் இடமும் அதுதான். பீலி வைத்து, ஒரு டிராக்டர் கருங்கல் சல்லி கொட்டினால் பாதிப் பிரச்சினை தீரும் என்று மாமாவிடம் சொன்னேன். டிராக்டர்காரர் கேட்ட விலைக்கு மாமா இன்னும் தலையாட்டவில்லை. அக்டோபர் மழைக்கு முன்னால் பேசி முடிக்க வேண்டும்.