முதல் வருடம், இரண்டாம் ஆண்டு வகுப்பு

மலேசியாவில் ஆசிரியர் வேலைக்கான கல்விச் சேவை ஆணைய நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்ட கேள்விகளில் இரண்டு இன்னும் நினைவிருக்கின்றன. நம் நாட்டில் தமிழ்க்கல்வி எப்போது தொடங்கியது என்பது ஒன்று. 1816, பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் என்று டக்கென்று சொல்லிவிட்டேன், சொந்த ஊர்ப் பெருமை வேறு. தொடக்கப்பள்ளி இரண்டாம் ஆண்டிலும் வாசிக்கத் தெரியாத மாணவனை என்ன செய்வீர்கள் என்பது மற்றொன்று. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த அணுகுமுறைகளை வரிசையாக ஒப்பித்தேன். தலையாட்டினார்கள்.

நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்க, பினாங்கில் 28 தான். வேலை எங்கே கிடைக்குமோ என்று, தென்கோடி ஜொகூருக்குப் போகத் துணிமணியெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். கடைசியில் கிடைத்தது பினாங்குத் தீவிலேயே ஒரு பள்ளி. எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் வழியாக மோட்டார் சைக்கிளில் போய் வந்தேன். 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லை என்பது பெரிய உதவி, ஏனென்றால் என் கோப்பு எங்கோ சிக்கி இரண்டு மாதம் சம்பளமே வரவில்லை. பெட்ரோலுக்கு அம்மாவிடம் கை நீட்டினேன். புதிதாகச் சேருகிறவர்கள் கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இரண்டாம் ஆண்டு வகுப்பைக் கொடுத்தார்கள். தினமும் நள்ளிரவு வரை ஆர்பிஎச், அதாவது நாள் பாடத்திட்டம், எழுதுவேன். ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஐந்து நடவடிக்கைகள், வண்ண அட்டைகள், பாட்டு. இரண்டாவது நடவடிக்கையிலேயே மணி அடித்துவிடும். கத்திக் கத்தி மூன்றாவது வாரம் தொண்டை கட்டிக்கொண்டது.

அந்த வாரம்தான் கடைசி வரிசைப் பையன் ஒருவன் வாசிக்கவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தேன். பக்கத்துப் பையன் சொல்வதை அரை நொடி தள்ளிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். மூன்று வாரமாக அது எனக்குத் தெரியவில்லை! நேர்முகத்தில் ஒப்பித்த அணுகுமுறை ஒன்றும் கைகொடுக்கவில்லை. யாரிடமாவது கேட்கலாம்தான். ஆனால் புது டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று பேசிவிடுவார்களோ என்று இன்னும் இரண்டு வாரத்தை வீணாக்கினேன். என் முதல் வருடத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான்.

முதலாம் ஆண்டு எடுக்கும் மூத்த ஆசிரியையிடம் ஒருநாள் ஓய்வு நேரத்தில் சொன்னேன். என்னை எதுவும் கேட்காமல், பையனைக் கூப்பிட்டு ‘கேள்’ என்று எழுதி வாசிக்கச் சொன்னார். அவன் கொம்பைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“எழுத்தெல்லாம் தெரியும் டீச்சர் இவனுக்கு. கொம்பு முன்னாலே நிற்குது, சத்தம் பின்னாலே வருது, அங்கதான் மாட்டிக்கிறான். கொம்பை விரலால மூடச் சொல்லுங்க. முதல்ல ‘க’, அப்புறம் விரலை எடுத்தா ‘கே’.”

அவ்வளவுதான். என் ஐந்து நடவடிக்கைகளில் எதுவும் அந்த இடத்தைத் தொட்டிருக்கவில்லை. மறுநாளிலிருந்து ஆர்பிஎச்சில் இரண்டே நடவடிக்கைகள். மீதி நேரத்தில் மேசை மேசையாகப் போய் ஒவ்வொருவரையும் வாசிக்கவிட்டுக் கேட்டேன். கத்த வேண்டிய தேவையும் குறைந்தது.

சரி, எல்லாம் உடனே மாறிவிடவில்லை. பையன் ‘கொ’வில் இன்னொரு மாதம் திணறினான். அடைவுநிலை 1-லிருந்து ஆண்டு முடிவில் 3-க்கு வந்தான். ஆறு நிலைகளில் அது பாதிதான். அவன் அப்பா குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, “இது எத்தனை ஏ டீச்சர்?” என்றார். ஏ எண்ணிக்கை பார்த்த ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆரை 2021-லேயே எடுத்துவிட்டார்கள், அந்தக் கேள்வியை இன்னும் யாரும் எடுக்கவில்லை. நான் பதில் சொல்லாமல் பையனிடம் புத்தகத்தை நீட்டினேன். விரலைக் கொம்பின்மேல் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் வாசித்துக் காட்டினான்.