சொல்லிவிட்டு வராத முதலாளி

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் முதலாளிகள் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஏதாவது ஒன்றுக்காகச் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ முன்கூட்டியே தொலைபேசி வந்துவிடும். உடனே முகப்புக்கு வெள்ளை அடிப்பார்கள், பர்மாத் தேக்குத் தூண்களுக்கு எண்ணெய் தடவுவார்கள், வளவை, அதாவது நடு முற்றத்தைச், சுற்றியுள்ள அறைகளைத் திறந்து காற்றாட விடுவார்கள். வீட்டின் பின்பகுதியான மூன்றாம் கட்டை யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை என்பதால் அங்கே துடைப்பம்கூடப் போகாது. காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பராமரிப்பை மேற்பார்ப்பதுதான் என் பிழைப்பு.

சுவர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வீடுகளின் பூச்சு சுண்ணாம்பு. மேல்பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். இன்றும் தொட்டால் கை வழுக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழன்றுவிடும். ஆனால் உடனே கழலாது. ஐப்பசி மழை ஒன்றிரண்டு கடக்க வேண்டும். முதலாளி வந்து நிற்கும் நாளில் சிமெண்ட் சுவர்தான் பார்க்க அழகாக இருக்கும். பக்கத்தில் சுண்ணாம்புச் சுவர் திட்டுத்திட்டாகக் காய்ந்துகொண்டிருக்கும். "சிமெண்டையே இழுத்துவிட்டுப் போகலாமே சார், யாருக்குத் தெரியப்போகிறது?" என்று ஒப்பந்தக்காரர் கேட்பார். ஆத்தங்குடிக் கல் தரைக்கும் இதே கதைதான். ஆசிட் ஊற்றினால் அழுக்கு ஒரே நாளில் போகும். கல்லின் பூவும் சேர்ந்து வெளுக்கும்.

எஜமான் பார்க்கும்போது மட்டும் உழைக்காதே என்ற பொருளில், "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்று பைபிளில் கொலோசெயர் சபைக்கு அப்போஸ்தலர் பவுல் எழுதியது அடிமைகளுக்கு. கூலியை எண்ணி வாங்கிக்கொள்ளும் எனக்கு அவர்களுக்கு இருந்த சாக்குகூட இல்லை. ஆகவே சுண்ணாம்பை ஊறவைக்கச் சொல்கிறேன். நாளாகிறது, திட்டும் வாங்குகிறேன்.

எங்கள் சபையில் அவ்வப்போது வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து, போர்கள், நிலநடுக்கங்கள், விலைவாசி என்று வரிசையாகச் சொல்லி, இதோ இயேசு திரும்ப வந்துவிட்டார் என்பார். இயேசு வருவார் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, மறுநாள் வேலை எல்லாம் அற்பம் என்பது போன்ற ஒரு மயக்கம் எல்லார் முகத்திலும் இருக்கும். அது எனக்குப் பிடிப்பதில்லை. பவுல் காலத்துத் தெசலோனிக்கே சபையில் சிலர் இதே மயக்கத்தில்தான் வேலையை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசித் திரிந்தார்கள் போலிருக்கிறது. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் அவர்களுக்குக் கொஞ்சம் காட்டமாகவே எழுதினார். அவரே கூடாரம் தைத்துப் பிழைத்தவர். எழுதும் உரிமை அவருக்கு இருந்தது.

எனக்குப் பிடித்த ஆள் ஆபிரகாம் டேவன்போர்ட். 1780 மே 19 அன்று அமெரிக்காவின் வடகிழக்கில் பட்டப்பகலில் வானம் இருண்டது. காட்டுத்தீயின் புகைதான் காரணம் என்று இன்று தெரியும். அன்று நியாயத்தீர்ப்பு நாளே வந்துவிட்டதாகப் பலர் நடுங்கினார்கள். டேவன்போர்ட் உறுப்பினராக இருந்த கனெக்டிகட் ஆட்சி மன்றத்தில் கூட்டத்தை ஒத்திவைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. டேவன்போர்ட் எழுந்து, அந்த நாள் வரவில்லையென்றால் ஒத்திவைக்கக் காரணம் இல்லை, வந்துவிட்டதென்றால் நான் என் கடமையில் இருக்கும்போதே அது என்னைக் காணட்டும், மெழுகுவர்த்திகளைக் கொண்டுவாருங்கள் என்றார்.

மாற்கு 13இல் இயேசு சொல்லும் உவமை எங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும். வீட்டு எஜமான் புறத்தேசத்துக்குப் போகிறான். அவனவனுக்கு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறான். சாயங்காலமா, நடுராத்திரியா, சேவல் கூவும் நேரமா, எப்போது வருவான் என்று தெரியாது. தொலைபேசி வராத முதலாளி. அப்படியானால் வெள்ளையடிக்க முகப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. மூன்றாம் கட்டின் மேல் நாட்டு ஓடு விலகியிருந்தாலும் அது இன்றைய வேலைதான். குரங்கு தட்டிவிட்ட ஒரே ஒரு ஓட்டின் வழியாக இறங்கும் மழைநீர், கைமரத்தை உளுக்கவைத்துக் கரையானுக்கும் வழி விடும். (கிறிஸ்தவனான நீ இந்து வீட்டுச் சாமி அறை மேலே ஓடு மாற்றுகிறாயே, அது சரியா என்று சபையில் ஒருவர் கேட்டார். ஒழுகுகிற வீட்டில் எந்த அறை என்று பார்த்தா மழை இறங்குகிறது? வீட்டுக்கார ஆச்சி என்னை நம்பித்தான் சாவியைக் கொடுத்திருக்கிறார்.)

மத்தேயு 24ஐ வாசிக்கும்போது இன்னொன்று உறுத்துகிறது. உண்மையுள்ள ஊழியக்காரன் அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மற்ற வேலைக்காரர்களுக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்கிறான். "என் ஆண்டவன் வர நாள் செல்லும்" என்று நினைத்த மற்றவன் முதலில் செய்த காரியம், உடன் வேலைக்காரரை அடித்தது. எங்கள் தொழிலில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுவார்கள், அவ்வளவுதான். சித்தாள் வேலைக்கு வரும் பெண்ணின் வீட்டில் அந்த இரண்டு நாள் எப்படிக் கழியும் என்று கேட்க மாட்டார்கள்.

ஆகவே வெளிநாட்டிலிருந்து பணம் வரத் தாமதமானால், கையில் இருப்பதைக் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுத்துவிட்டு, என் பங்கைப் பிறகு எடுத்துக்கொள்வது என்று வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பலசரக்குக் கடைக்காரரும் உடன் வேலைக்காரர்தான், அவருக்கும் ஏற்ற வேளையில் பணம் போக வேண்டாமா என்கிறாள். அதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.