கோழிக்கு உண்மையாகவே பசிக்கிறது

டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ளவர்கள் பகல் பொழுதைப் பண்ணையில் கழிக்கும் பராமரிப்பு முறை நெதர்லாந்திலும் நார்வேயிலும் வேரூன்றியிருக்கிறது. அண்மை நிகழ்வுகளின் நினைவு முதலில் மங்கினாலும், கை பழகிய செயல்களின் நினைவு பெரும்பாலும் நெடுநாள் நிலைப்பதால், காலையில் என்ன உண்டோம் என்று சொல்ல இயலாத ஒருவர்கூடக் கோழிக்குத் தீவனம் இறைப்பதையும் களை பறிப்பதையும் தயக்கமின்றிச் செய்துவிடக்கூடும். நாற்காலியில் அமர்த்தி வைத்துப் பொழுதுபோக்குவதைவிட இது மேலானது என்றே கருதுகிறேன்; ஏனெனில் இங்கே வேலை பாவனையல்ல, கோழிக்கு உண்மையாகவே பசிக்கிறது. (வேலை அரைகுறையாக முடிந்தாலும் கோழிகள் குறை சொல்வதில்லை.) வீட்டில் பராமரிப்பவருக்கும் சில மணி நேர ஓய்வு கிடைக்கிறது. ஆயினும் மேடுபள்ளமான தரை, கூரிய கருவிகள், பூச்சிமருந்து, வழிதவறிச் செல்லும் அபாயம் ஆகியவற்றை முன்னரே கருத்தில் கொண்டு, பயிற்சி பெற்றவர்களை எந்நேரமும் உடனிருக்கச் செய்ய வேண்டும்.